ஸ்ட்ரிப் போட்டும் போகாத வெள்ளிடம்: ஒரே ராணி இரண்டு நிரைகளில் வருவது ஏன்?

நீங்கள் கேட்டதன் சாரம் இது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் நான்கு பிரிவுகளிலிருந்தும் மாத முடிவில் கொழுந்து நிறுவைக் கணக்கு எக்செல் கோப்புகளாக வருகிறது. அவற்றைப் பைதனில் ஒன்றாக்கி, ஆளுக்கு எத்தனை கிலோ என்று கூட்டினால், ஒரே ராணி இரண்டு நிரைகளில் வந்து நிற்கிறார். பெயரின் முனைகளில் உள்ள வெள்ளிடத்தை, அதாவது இடைவெளி, வரி முறிவு போன்றவற்றை, நீக்கும் ஸ்ட்ரிப் சார்பைப் போட்டுப் பார்த்தும் மாற்றமில்லை. கண்ணுக்குத் தெரியாத வெள்ளிடம் எல்லாவற்றையும் ஒரே வரியில் துடைத்தெறிய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு வரி இருக்கிறது. ஆனால் அதை ஓட்டினால் உங்கள் கோப்பிலேயே இருக்கும் சிங்களப் பெயர் நிரல் (மேலிருந்து கீழான பத்தி) கெட்டுப்போகும். எப்படி அழிப்பது என்பதை விட, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) கணனிக்கு ஏன் ஒன்றாக இல்லை என்பதே உங்களுக்கு வேண்டிய விடை. அது தெரிந்தால் எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பது தானாகப் பிரிந்துவிடும்.

கோப்பைப் பார்க்காமலே ஒரு விடயத்தைச் சொல்லலாம். பைதன் 3இன் ஸ்ட்ரிப் சாதாரண இடைவெளியை மட்டுமல்ல, யூனிகோட் (உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரம்) வெள்ளிடம் என்று வகுத்திருக்கும் எல்லாவற்றையும் சரத்தின் இரு முனைகளிலிருந்தும் நீக்கும். இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டும்போது வரும் வரி முறிக்காத இடைவெளியும் அதில் அடங்கும். ஆகவே ஸ்ட்ரிப் தோற்றிருக்கிறது என்றால் காரணம் நான்கில் ஒன்று. ஸ்ட்ரிப் தந்த புதிய சரத்தை நீங்கள் எதிலும் வாங்கி வைக்கவில்லை. பைதனில் சரம் மாறாது, சார்பு திருப்பித் தருவதை மறுபடி மாறியில் இடவேண்டும், இது சின்னத் தவறு என்றாலும் அடிக்கடி நடப்பது. அல்லது வேண்டாத வரியுரு முனையில் இல்லை, பெயருக்கு நடுவில் இருக்கிறது. அல்லது அது யூனிகோட் கணக்கில் வெள்ளிடமே அல்லாத, அகலமற்ற வரியுரு. அல்லது மறைந்திருப்பது எதுவுமில்லை, ஒரே எழுத்து இரண்டு விதமாகக் குறியேற்றப்பட்டிருக்கிறது. இந்த நான்கில் உங்களுடையது எது என்பதைக் கோப்புத்தான் சொல்லவேண்டும்.

அதைச் சொல்லவைப்பது சுலபம். பொருந்தாத இரண்டு பெயர்களையும் எடுத்து, ஒவ்வொன்றின் நீளத்தையும் அச்சிடுங்கள். வரியுரு என்று நான் சொல்வது எழுத்தை அல்ல, யூனிகோட் தனித்தனியாக எண் கொடுத்திருக்கும் துண்டை. ‘ராணி’ நமக்கு இரண்டு எழுத்து, கணனிக்கு நான்கு வரியுரு: ர, கால், ண, விசிறி. தசம எண்ணில் 2992, 3006, 2979, 3007. ‘லெட்சுமி’ எட்டு. நீளம் 5 என்று வந்தால் ராணியின் பெயரில் ஒன்று ஒளிந்திருக்கிறது. அடுத்து ரெப்ர் சார்பினுள் பெயரை இட்டு அச்சிடுங்கள். அச்சிட முடியாத வரியுருக்களை அது குறியீடாக வெளிப்படையாகக் காட்டும், தமிழ் எழுத்துகளை அப்படியே விட்டுவிடும். வெறும் பிரின்ட் எதையும் காட்டாது. எண்களாகவே பார்க்க விரும்பினால் ஒவ்வொரு வரியுருவுக்கும் ஆர்ட் சார்பு. பைதனைத் திறக்காமல் எக்செல்லிலேயே பார்ப்பதானால் லென் நீளத்தைச் சொல்லும், ரைட் கடைசி வரியுருவை எடுக்கும், அதை யூனிகோட் சார்புக்குக் கொடுத்தால் எண் வரும். எக்செல்லும் இதே தசம எண்ணைத்தான் தருகிறது. அதனால் இந்தப் பதில் முழுவதும் தசம எண்களிலேயே பேசுகிறேன். பதினாறடி (ஹெக்ஸ்) எண்ணில் தேடிப் பழகியவர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

வரக்கூடியவை எவை? முதல் கூட்டம், உண்மையிலேயே இடம் பிடிக்கும் இடைவெளிகள். சாதாரண இடைவெளி 32, தத்தல் (டேப்) 9, வரி முறிக்காத இடைவெளி 160, அச்சுக்கலையில் பயன்படும் பலவகை அகல இடைவெளிகள் 8192 முதல் 8202 வரை, இன்னும் 8239, 8287, 12288. இவற்றில் அதிகம் தொல்லை தருவது 160தான். வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இடைவெளிக் கட்டையைத் தட்டினாலே அது விழும். இணையப் பக்கத்து அட்டவணையைப் பிரதி எடுத்து ஒட்டினாலும் வரும். இரண்டாவது கூட்டம் வரி முறிவுகள். 10, 13 எல்லோருக்கும் தெரிந்தவை. எக்செல் கட்டத்துக்குள் ஆல்ட்டோடு என்டர் தட்டினால் பெயருக்கு நடுவே ஒரு 10 புகுந்துவிடும். 133, 8232, 8233 என்று இன்னும் மூன்று உண்டு. பைதனின் ஸ்ப்ளிட்லைன்ஸ் இவற்றிலும் வரியை வெட்டும், ஆனால் கோப்பை வரிவரியாகப் படிக்கும்போது அப்படி வெட்டாது. ஒரே கோப்புக்கு இரண்டு இடத்தில் இரண்டு நிரை எண்ணிக்கை வந்தால் இதையும் சந்தேகப்படுங்கள். சிஎஸ்வி கோப்பை நீங்களே காற்புள்ளியில் வெட்டாமல், அதற்கென்றுள்ள தொகுதியால் படிப்பதற்கும் இது ஒரு காரணம்.

மூன்றாவது கூட்டம்தான் உங்கள் ஸ்ட்ரிப்பைத் தோற்கடித்திருக்கக்கூடியது. அகலமே இல்லாத 8203, சொல் ஒட்டி 8288, கோப்பின் தலையில் வந்து உட்காரும் 65279, மென் இணைகோடு 173, எழுத்து ஓடும் திசையைச் சொல்லும் 8206, 8207, 8234 முதல் 8238 வரை, 8294 முதல் 8297 வரை. யூனிகோட் இவற்றை வெள்ளிடம் என்று வகுக்கவில்லை, வடிவமைப்புக் குறி என்று வகுத்திருக்கிறது. எனவே ஸ்ட்ரிப் இவற்றைத் தொடாது. அரபுக்கும் ஹீப்ருவுக்கும் வேண்டிய திசைக் குறிகள் தோட்டத்துக் கணக்கில் எப்படி என்று கேட்கலாம். கைத்தொலைபேசியின் தொடர்புப் பட்டியலிலிருந்து இலக்கத்தைப் பிரதி எடுத்து ஒட்டிப் பாருங்கள். பல வேளைகளில் முன்னால் 8234, பின்னால் 8236 சேர்ந்து வரும். இலக்கம் கெட்டுப்போகாமல் இடமிருந்து வலமாக ஓடவேண்டும் என்று செயலி வைத்த காவல் அது.

நான்காவதாக இரண்டே இரண்டு, 8204உம் 8205உம். இவற்றைத் தனியாகப் பிறகு பேசுகிறேன், ஏனென்றால் இவை குப்பை அல்ல.

இதே தரவை வேறு செய்நிரல் மொழியில் கையாள்பவர்களுக்கு விளைவு வேறாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஸ்ட்ரிப்புக்குப் பல மொழிகளில் ட்ரிம் என்று பெயர்; ‘ட்ரிம் போட்டாயிற்று’ என்ற பேச்சுக்கு மொழிக்கு மொழி பொருள் மாறும். ஜாவாவின் ட்ரிம் 32உம் அதற்குக் கீழே உள்ளவையும் மட்டுமே நீக்கும். ஜாவா 11இல் வந்த ஸ்ட்ரிப் யூனிகோடை அறிந்தது என்றாலும், 160ஐத் திட்டமிட்டே விட்டுவிடும். வரியை முறிக்காத இடைவெளிகளை ஜாவா வெள்ளிடமாக எண்ணுவதில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டின் ட்ரிம் 160ஐயும் 65279ஐயும் நீக்கும், 8203ஐ நீக்காது. பைதனில் 65279 நிற்கும், 133 போகும். ஜாவாஸ்கிரிப்ட்டில் அது நேர்மாறு. பிஎச்பியின் ட்ரிம் 0, 9, 10, 11, 13, 32 என்ற ஆறோடு நின்றுவிடும். மைஎஸ்கியூஎல்லின் ட்ரிம் ஏதும் சொல்லாவிட்டால் 32ஐ மட்டும் பார்க்கும். எக்செல்லின் ட்ரிம்மும் 32 மட்டும்தான். கிளீன் 0 முதல் 31 வரை. அதாவது எக்செல்லில் ட்ரிம், கிளீன் இரண்டையும் சேர்த்துப் போட்டாலும் 160 அசையாமல் இருக்கும். அதற்கு சப்ஸ்டிடியூட் சார்பில் யூனிகேர் 160ஐ 32ஆக மாற்றி, அதற்குப் பிறகே ட்ரிம் போடவேண்டும். இணையப் படிவம் ஜாவாஸ்கிரிப்ட்டில், பின்னணி ஜாவாவில், அறிக்கை எக்செல்லில் என்று ஒரு பெயர் மூன்று வாசல் தாண்டிப் போனால், மூன்று இடத்திலும் மூன்று விதமாகத் துடைக்கப்படும்.

பிஎச்பிக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை; இது தமிழை நேராக அடிக்கும். அங்கே ட்ரிம்முக்கு இரண்டாவது உள்ளீடாக நீக்கவேண்டியவற்றைக் கொடுக்கலாம். பழைய ட்ரிம் வரியுருக்களை அறியாது, பைட்டுகளைத்தான் அறியும். வரியுருக்களைப் பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8இல் 65279 என்பது 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள். இந்த மூன்றையும் ‘நீக்கு’ என்று கொடுத்தால், அது மூன்றையும் தனித்தனிப் பைட்டாக எடுத்துக்கொள்ளும். தமிழின் இகர விசிறி 224, 174, 191. ‘ராணி’, ‘லெட்சுமி’, ‘முனியாண்டி’ என்று விசிறியில் முடியும் பெயர் எதுவானாலும் கடைசி 191ஐ இழந்து, 224, 174 என்ற உடைந்த துண்டோடு நிற்கும். 8205க்கு இன்னும் மோசம். அதன் பைட்டுகள் 226, 128, 141. தமிழ்ப் புள்ளி 224, 175, 141. ஈகாரச் சுழி 224, 175, 128. புள்ளியில் முடியாத ஆண் பெயர் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 160க்கு உரிய 194, 160 தமிழைத் தொடாது, ஏனென்றால் 160இல் முடியும் தமிழ் எழுத்து எதுவும் இல்லை. ஆனால் சிங்களத்தின் சகரம் 224, 182, 160. பிஎச்பி 8.4இல் எம்பி-ட்ரிம் வந்துவிட்டது, அது வரியுருவை அறிந்து வேலை செய்யும். அதற்கு முந்திய பதிப்பு என்றால் யூனிகோட் கொடி இட்ட ரெகெக்ஸை (வடிவத்தை எழுதித் தேடி மாற்றும் கோவையை) பயன்படுத்துங்கள். சோதனைத் தரவில் ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்தால் இந்த உடைப்பு கண்ணில் படவே படாது.

இப்போது 8204, 8205. முன்னது இரண்டு எழுத்துகளைச் சேரவிடாமல் பிரித்து நிறுத்துவது, பின்னது சேர்த்துவைப்பது. சிங்களத்தில் 8205 எழுத்து முறையின் ஒரு பகுதி. ‘ஸ்ரீ லங்கா’ என்பதைச் சிங்களத்தில் எழுதும்போது முதல் எழுத்து 3521, 3530, 8205, 3515, 3539 என்ற ஐந்து வரியுருக்கள். நடுவில் உள்ள 8205ஐ எடுத்தால் எழுத்து பிளந்து, மெய் தனியாக, ரகரம் தனியாக நிற்கும். ‘கிராம நிலதாரி’ என்பதன் முதல் எழுத்தும் சிங்களத்தில் அப்படித்தான். ரகரமோ யகரமோ சேர்ந்து வரும் கூட்டெழுத்து உள்ள பெயர் எல்லாவற்றிலும் 8205 இருக்கும். சிங்களக் குறியேற்றத்துக்கான இலங்கைத் தரம் எஸ்எல்எஸ் 1134 இதை இப்படித்தான் வகுத்திருக்கிறது. வடிவமைப்புக் குறி வகையைச் சேர்ந்த எல்லாவற்றையும் நீக்கு என்று இணையத்தில் பல இடங்களில் கிடைக்கும் அந்த ஒரு வரி, 8203ஐயும் இதையும் ஒரே வலையில் வாரிக்கொண்டு போகும். மும்மொழிப் படிவம் புழங்கும் நாட்டில் அதை ஓட்டக்கூடாது.

தமிழில் 8205க்கு வழக்கமான எழுத்தில் வேலை இல்லை. 8204க்குக் கொஞ்சம் உண்டு. ககரப் புள்ளிக்குப் பின்னால் ஷகரம் வந்தால் எழுத்துரு அவற்றைக் கூட்டெழுத்தாக ஆக்கிவிடும். கூட்டாமல் தனித்தனியாகக் காட்ட விரும்புபவர்கள் நடுவில் 8204 வைப்பார்கள். ஒருவர் வைத்தும் இன்னொருவர் வைக்காமலும் தட்டினால், திரையில் சின்ன வேறுபாட்டோடு இரண்டு சரங்கள் உருவாகும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது, ஒரு பெயருக்கு இரண்டு வடிவம் வைத்துக்கொள்வது. ஒன்று காட்டுவதற்கு, மற்றது ஒப்பிடுவதற்கு. வந்த மூலச் சரத்தை எதுவும் செய்யாமல் தனி நிரலில் போட்டு வையுங்கள். பிறகு யாராவது சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து ‘என் பேர் இப்படி இல்லையே’ என்று கேட்டால் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும். காட்டும் வடிவத்தில் 8205 சிங்களத்தின் மெய்க்குறி 3530ஐ ஒட்டி முன்னாலோ பின்னாலோ இருந்தால் விட்டுவிடுங்கள், வேறெங்காவது இருந்தால் எடுங்கள். இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், கூட்டெழுத்தில் 3530க்குப் பின்னால் வரும் 8205, தொட்டு நிற்கும் எழுத்துகளில் முன்னால் வரும். 8204ஐத் தமிழ்ப் புள்ளி 3021க்கும் ஷகரம் 2999க்கும் நடுவில் மட்டும் விடுங்கள். ஒப்பிடும் வடிவத்தில் 8204, 8205 இரண்டையும் தயங்காமல் எடுக்கலாம், ஏனென்றால் அதை யாரும் வாசிக்கப்போவதில்லை. டிக்ஷனரியின் கீயாகப் போவது அந்த வடிவம்தான்.

வரிசை முக்கியம். முதலில் வரி முறிவுகளையும் தத்தலையும் எல்லா வகை அகல இடைவெளிகளையும் 32ஆக மாற்றுங்கள். அழித்துவிடாதீர்கள். ‘மேற்பிரிவு’க்கும் ‘2’க்கும் நடுவில் இருக்கும் 160ஐ அழித்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அடுத்து மூன்றாவது கூட்டத்து அகலமற்றவற்றையும் திசைக் குறிகளையும் அழியுங்கள். இவற்றைப் பெயர் சொல்லி, எண்களாகப் பட்டியலிட்டு, பைதனின் ட்ரான்ஸ்லேட்டுக்குக் கொடுத்தால் ஒரே நடையில் முடியும். அதற்குப் பின் யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ், என்எஃப்சி முறையில். பிறகு தொடர்ந்து வரும் 32களை ஒன்றாக்குங்கள். வெறும் ஸ்ப்ளிட் போட்டு மறுபடி ஒரு இடைவெளியால் சேர்த்தால் போதும். ஸ்ட்ரிப் செய்யும் வேலையும் அதிலேயே முடிந்துவிடும். பலரும் ஸ்ட்ரிப்பை முதலில் போடுகிறார்கள். பெயருக்குப் பின்னால் 32உம் அதற்குப் பின்னால் 8203உம் இருந்தால், ஸ்ட்ரிப் 8203ஐக் கண்டதும் நின்றுவிடும். பிறகு 8203 அழியும், 32 அங்கேயே இருக்கும், ராணி மறுபடி இரண்டாவார்.

என்எஃப்சி எதற்கு என்றால், ‘கொட்டகலை’யின் கொ, ‘தோட்டம்’ என்பதன் தோ போன்றவற்றுக்காக. ஒகர உயிர்க்குறிக்கு 3018 என்ற ஒற்றை எண் உண்டு. அதையே கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றே, யூனிகோட் விதிப்படியும் சமமானவை, ஆனால் பைதனின் சமக்குறிக்கு வேறு வேறு. பொகவந்தலாவை இரண்டு ஊராகத் தெரிந்தால் வெள்ளிடத்தைத் தேடாதீர்கள், இதைப் பாருங்கள். என்எஃப்சி இரண்டையும் 3018 ஆக்கிவிடும். ஆனால் ‘ஸ்ரீ’ இதில் சேராது. 3000 என்ற ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீயும், யூனிகோட் 4.1இல் சேர்ந்த 2998 என்ற ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீயும் பல எழுத்துருக்களில் ஒரே வடிவம். எந்த நார்மலைஸும் அவற்றை இணைக்காது, ஒப்பிடும் வடிவத்தில் நீங்களே ஒன்றை மற்றதாக்கவேண்டும்.

சிலர் இதற்கெல்லாம் நார்மலைஸின் இன்னொரு முறையான என்எஃப்கேசி போட்டால் தீர்ந்தது என்பார்கள். அது 160, 8239, 12288 முதலியவற்றை 32ஆக்குவது உண்மை. 8203ஐ அது தொடாது என்பதும் உண்மை. அதை விடப் பெரிய ஆபத்து நிறுவை நிரலில் இருக்கிறது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பதிவில் பன்னிரண்டரைக் கிலோவை 12½ என்று அரைக்குறியோடு எழுதியிருந்தால், என்எஃப்கேசி அந்தக் குறியை 1, சாய்கோடு, 2 என்று விரித்து 12க்குப் பின்னால் ஒட்டிவிடும். அதற்குப் பிறகு யாராவது இலக்கங்களைத் தவிர மற்றதை நீக்கினால், பன்னிரண்டரை 1212 கிலோவாகும். என்எஃப்கேசி போடாமல் இலக்கமல்லாததை மட்டும் நீக்கினாலோ அரைக்கிலோ சத்தமில்லாமல் போய்விடும். இரண்டாவது பிழைதான் கொடியது, ஏனென்றால் 1212ஐ யாராவது பார்த்துச் சிரிப்பார்கள், 12ஐ யாரும் கவனிக்கமாட்டார்கள்.

எனவே எண் நிரல்களுக்கு விதி வேறு. மறைந்திருப்பவற்றை மேலே சொன்ன பட்டியல்படி நீக்குங்கள். மீதி முழுவதும் இலக்கங்கள், விரும்பினால் ஒரு புள்ளி, மறுபடி இலக்கங்கள் என்ற வடிவத்துக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் திருத்த முயலாமல், கோப்பின் பெயர், நிரை எண்ணோடு தனிப் பட்டியலில் போடுங்கள், கணக்கப்பிள்ளை பார்த்துத் தீர்க்கட்டும். மொழியின் எண் மாற்றத்தை நம்பி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம்: பைதனின் ஃப்ளோட் முனையில் உள்ள 160ஐ ஏற்றுக்கொள்ளும், 8203ஐக் கண்டால் பிழை எழுப்பும். ஜாவாஸ்கிரிப்ட்டின் நம்பர் 8203ஐக் கண்டால் எண்ணல்ல என்று சொல்லும், ஆனால் 160 மட்டும் உள்ள கட்டத்துக்கு 0 என்று பதில் தரும். வேலைக்கு வராத நாளும், வந்து கொழுந்தே பறிக்காத நாளும் ஒன்றல்ல.

வெற்றுக் கட்டம் என்ற விடயத்தில் இன்னொன்று. செக்ரோலில் (வேலை நாள் பதிவேட்டில்) எத்தனை நாள் குறி விழுந்திருக்கிறது என்று எக்செல்லின் கவுன்ட்ஏ கொண்டு எண்ணினால், ஒரு 32 அல்லது 160 மட்டும் உள்ள கட்டமும் நிரம்பிய கட்டமாகவே எண்ணப்படும். இடைவெளிக் கட்டையைத் தட்டிக் கட்டத்தை ‘அழித்த’ ஒவ்வொரு முறையும் ஒரு பேர், அதாவது ஒரு வேலை நாள், கூடும். பைதனில் 32ஐயும் 160ஐயும் ஸ்ட்ரிப் வெற்றுச் சரமாக்கிவிடும். 8203 மட்டும் உள்ள கட்டம் ஸ்ட்ரிப்புக்குப் பிறகும் வெற்றல்ல. வெற்றா என்று பார்ப்பதை எப்போதும் துடைத்த பின் பாருங்கள்.

அடையாள அட்டை இலக்கத்தை நீளத்தால் சோதிப்பது வசதி. பழையது ஒன்பது இலக்கமும் வீ அல்லது எக்ஸும் சேர்ந்து 10, 2016 முதல் வழங்கப்படும் புதியது 12. துடைத்த பின்னும் 11 அல்லது 13 வந்தால் அது மறை வரியுரு அல்ல, தட்டச்சுப் பிழை. அதையும் தனிப் பட்டியலுக்கு அனுப்புங்கள். இந்த நிரலையும் தொலைபேசி இலக்கத்தையும் சேமலாப நிதி இலக்கத்தையும் சரமாகவே படியுங்கள், எண்ணாகப் படித்தால் முன்னால் உள்ள சுழியம் போய்விடும்.

ரெகெக்ஸ் கொண்டு துடைப்பவர்கள் ஒன்றைத் தவிர்க்கவேண்டும். ‘சொல் வரியுருவும் வெள்ளிடமும் அல்லாத எல்லாவற்றையும் நீக்கு’ என்ற பிரபலமான கோவை ஆங்கிலத்துக்கு எழுதப்பட்டது. பைதனில் உள்ளமைந்த ரெகெக்ஸ் தொகுதிக்குச் சொல் வரியுரு என்றால் எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும் மட்டும். கால், கொம்பு, விசிறி, புள்ளி எதுவும் அதில் இல்லை. ‘ராமசாமி’ அந்தக் கோவை வழியே போனால் ‘ரமசம’ என்று வெளியே வருவார். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒன்றுமே மிஞ்சாது. எதை வைத்துக்கொள்வது என்று பட்டியலிடுவது எண் நிரலுக்குச் சரி, பெயர் நிரலுக்கு எதை நீக்குவது என்று பட்டியலிடுவதே பாதுகாப்பு.

அந்தப் பட்டியலைச் செய்நிரலில் எழுதும்போது மறை வரியுருவை ஒட்டி வைக்காதீர்கள். மேற்கோள் குறிகளுக்கு நடுவே எதுவும் தெரியாத ஒரு சரத்தைப் பார்த்து, அடுத்த மாதம் நீங்களே வெற்றுச் சரம் என்று நினைத்து அழித்துவிடுவீர்கள். கேர் சார்பில் 8203 என்று எண்ணாக எழுதுங்கள். சோதனைக்கும் அப்படியே: ‘ராணி’க்குப் பின்னால் 32, 8203, நடுவில் 160, முன்னால் 65279, 3014உம் 3006உம் பிரிந்த கொட்டகலை, 8205 உள்ள சிங்களப் பெயர் ஒன்று, அது மாறாமல் வெளியே வரவேண்டும். துடைக்கும் சார்பு, நீக்கிய ஒவ்வொரு எண்ணையும் எத்தனை தடவை என்று எண்ணி எழுதிவைத்தால் நல்லது. ஒரு பிரிவின் கோப்பில் மட்டும் 160 நூற்றுக்கணக்கில் வருகிறது என்றால், அங்கே பழைய பட்டியலை எங்கிருந்தோ பிரதி எடுத்து ஒட்டுகிறார்கள், அதை அங்கேயே நிறுத்தலாம். பட்டியலில் இல்லாத புதியது வந்தால் பிடிப்பதற்கு, பைதனின் இஸ்-பிரின்டபிள் எதற்கெல்லாம் இல்லை என்கிறது என்று பாருங்கள். அதுவும் முழு வலை அல்ல: 12644 என்ற கொரிய நிரப்பி வெறுமையாகத் தெரியும், ஆனால் யூனிகோட் அதை எழுத்து என்று வகுத்திருக்கிறது, 10240 என்ற வெற்றுப் பிரெய்ல் கட்டம் ஒரு சின்னம். இரண்டும் அந்தச் சோதனையைத் தாண்டிவிடும். தோட்டக் கணக்கில் வருவது அரிது. தெரிந்து வைத்தால் போதும்.

ஏதாவது ஒரு பிரிவின் கோப்பு இன்னும் பாமினி எழுத்துருவில் இருந்தால் இவை எதுவும் அதற்குப் பொருந்தாது. அங்கே உள்ளே இருப்பது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகளும் குறிகளும். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, அதன் பிறகு துடையுங்கள்.

இத்தனையும் செய்த பின்னும் சில பெயர்கள் இரண்டாகவே நிற்கும். லட்சுமியும் லெட்சுமியும் வெள்ளிடப் பிரச்சினை அல்ல, எழுத்துக்கூட்டு. காலுக்குப் பதிலாக ரகரத்தைத் தட்டியிருப்பதும் அப்படியே. இவற்றைச் செய்நிரல் தானாக இணைக்கும்படி விடாதீர்கள், ஏனென்றால் ஒரே பிரிவில் இரண்டு ராணிகள் உண்மையாகவே இருப்பார்கள். இணைப்பதற்குப் பெயரை அல்ல, ஆள் இலக்கத்தைப் பயன்படுத்துங்கள். பெயரைச் சரிபார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தரவுத்தளத்தில் ஏற்றும்போது ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று பிழை வந்து, பைதனில் பார்த்தால் இல்லை என்றால், தரவுத்தளத்தின் ஒப்பீட்டு விதி சில மறை வரியுருக்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்று பொருள். துடைத்ததை ஏற்றினால் இருபக்கமும் ஒத்துப்போகும்.

கடைசியாகக் கோப்பின் தலையில் உட்காரும் 65279. எக்செல்லில் சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று சேமித்தால் அது சேரும். பைதனில் வெறும் யூடிஎஃப்-8 என்று திறந்து சிஎஸ்வி தொகுதியால் படித்தால், முதல் நிரலின் தலைப்பு ‘ஆள் இலக்கம்’ என்று தெரிந்தாலும் அதற்கு முன்னால் ஒன்று ஒட்டியிருக்கும், அந்தக் கீ இல்லை என்று பிழை வரும். முதல் நிரலில் மட்டும் இப்படி நடந்தால் வேறு காரணம் தேடவேண்டாம். திறக்கும்போது குறியேற்றத்தை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். தலையில் இருந்தால் எடுத்துவிடும், இல்லாவிட்டாலும் பிழையாகாது. வெளியே எழுதும்போது யாருக்குப் போகிறது என்று பாருங்கள். அலுவலகத்தில் எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறக்கப்போகிறார்கள் என்றால் அதே யூடிஎஃப்-8-சிக்கில் எழுதுங்கள், இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் கிறுக்கலாகத் தெரியும். வங்கிக்கோ வேறு செய்நிரலுக்கோ ஏற்றும் கோப்பு என்றால் வெறும் யூடிஎஃப்-8இல் எழுதுங்கள். இல்லையேல் நீங்கள் இப்போது பட்ட பாட்டை அதை வாங்குபவர் முதல் நிரலிலேயே படுவார்.